விடைக்குறிப்பில் இல்லாத பதில்

நான் வேலை பார்த்த பள்ளியில் ஆங்கிலப் பாட்டை யாரும் வாசித்ததில்லை, ஒப்பித்தார்கள். புத்தகத்தில் நட்சத்திரக் குறி போட்ட வரிகளுக்கு மனப்பாடப் பகுதி என்று பெயர். கமா எங்கே வரும், முற்றுப்புள்ளி எங்கே வரும் என்பதுவரை வகுப்பே சேர்ந்து கத்தும். பக்கத்து வகுப்பில் கணக்கு சார் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி வட்டத்தின் பரப்பளவைச் சொல்லிக்கொடுப்பார். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், நோட்ஸில் போட்டிருக்கும் அர்த்தத்தையும் பிள்ளைகள் அதே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். இந்தக் கவிஞர் யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "எங்களப் பாத்துதான் டீச்சர், நாங்கதான படிக்கிறோம்" என்றான் ஒருத்தன். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். திண்டுக்கல் ஊருக்குள்தான் பள்ளி. பிள்ளைகள் பாதிக்கு மேல் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த கர்வம் சேர்ந்த புதிதில் நிறைய இருந்தது. தண்ணி லாரி வராத நாளில் பள்ளிக்கூடத்துக் கக்கூஸைப் பூட்டி வைப்பார்கள், பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் போய் குயிலையும் வசந்தத்தையும் விளக்கி விளக்கி என் கர்வம் வற்றிப்போனது. சில வருஷத்தில் நானும் எல்லாரையும் போல நட்சத்திரக் குறி போட்டதை மட்டும் கத்த வைத்துவிட்டு மணி அடித்ததும் வெளியே வருகிற ஆளாக ஆகிவிட்டேன்.

அந்தப் பெண் என் வகுப்பில் பத்தாவது படித்தாலும், அவளை நான் முதலில் கவனித்தது வகுப்பில் இல்லை, மினி பஸ்ஸில். எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வருகிறவள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு மினி பஸ் பிடிப்பாள். நானும் அதே வண்டிதான். அந்த டிரைவருக்குப் பாட்டுச் சத்தம் குறைந்தால் வண்டி ஓடாது. ஒருநாள் ஒரு சினிமாப் பாட்டு, நடுவில் ஒருத்தன் மூச்சு விடாமல் இங்கிலீஷில் ராப் பேசுகிற பாட்டு, ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற அந்தப் பெண் அந்த இங்கிலீஷை முழுசாக, ஒரு சொல் பிசகாமல், அவனுக்குச் சமமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். புத்தகத்தில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் மூன்று இடத்தில் முட்டி நிற்கிறவள் அவள்தான். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். இவ்வளவு நாளாக என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று தோன்றியது.

இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். "அர்த்தம் தெரியுமாடி?"

"தெரியாது டீச்சர்."

"பெறகு எதுக்குச் சொல்ற?"

"வேகமாப் போகும்போது நல்லாருக்கும் டீச்சர். நம்ம வாயான்னு இருக்கும்."

திட்டுவதை விட்டுவிட்டு அவளோடு பள்ளிக்கு நடந்தேன்.

இங்கே எங்கள் பள்ளியின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளிக்குப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும். அந்த நூறு இருந்தால்தான் அடுத்த வருஷம் அட்மிஷனுக்குக் கூட்டம் வரும். நூறு எப்படி வரும் என்றால், தேறாதவர்களைப் பரீட்சைக்கு முன்பே கழித்துவிடுவதால் வரும். அரைப்பரீட்சை முடிந்ததும் தட்டுத்தடுமாறும் பிள்ளைகளின் அப்பா அம்மாவை வரவழைப்பார்கள். "பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் சொல்றோம், டி.சி. வாங்கிட்டு பிரைவேட்டா எழுதட்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படிப் போகிற பையன்கள் பட்டறைக்கோ மண்டிக்கோ போவார்கள். பெண்களுக்கு மில் காத்துக்கொண்டிருந்தது. வேடசந்தூர் ரோட்டில் வரிசையாக நூல் மில்கள். ஏஜெண்டுகள் ஊர் ஊராக வந்து, மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பேசிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் மழையும் பொய்த்திருந்தது. கிணற்றில் தண்ணி இல்லாத வீட்டுக்கு ஏஜெண்டு வந்தால் அவன் தெய்வம். கழிக்கப்பட்ட பிள்ளைகள் யாரும் பிரைவேட்டாக எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டோம்.

இந்தப் பெண்ணின் அக்கா ஏற்கெனவே மில்லில் இருந்தாள். இவளுக்கு மற்ற பாடங்கள் எப்படியோ தேறிவிடும். இங்கிலீஷ் ஒன்றுதான் தேறாது. காலாண்டிலும் தேறவில்லை. ஆக, அரைப்பரீட்சைக்குப் பிறகு அவளும் அக்கா வழியில் போவாள் என்பது கண்ணாடி மாதிரித் தெரிந்தது. அவள் அப்பா மழையை நம்பிக் கடலை போட்டுக் கெட்டவர். ஏஜெண்டு அவர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான்.

ராப் என்றால் வாய் ஓடுகிறதே, அதையே வகுப்பில் பாடமாக வைத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளைவுட் தடுப்பு வைத்த ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. சுங்குடிச் சேலை கட்டிய பொம்பளை ஒருத்தி அமெரிக்காக்காரனின் ராப் பாட்டு வரிகளைப் பிரிண்ட் போடச் சொன்னதும் அங்கிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "டீச்சரா நீங்க?" என்றான். ஆமாம் என்றேன். அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் உள்ளே இருக்கிற காலேஜ் பையன்கள் அவசரமாகத் திரையை மாற்றுவார்கள்.

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டால் தலைவலிதான் வந்தது. ஆனால் இசையை நிறுத்திவிட்டுத் தாளில் வாசித்தபோது வேறு மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் ஒரு பையன் தன் தெருவைப் பற்றிச் சொல்கிறான். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் தம்பியைத் தூங்க வைக்க வேண்டும். போலீஸ் வண்டி மெதுவாகப் போகும்போது தெருவில் நிற்கிற எல்லாரும் பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுத்துவிட வேண்டும். யாரோ ஒருத்தன், ஏதோ ஒரு இடத்தில் நின்றுகொண்டு, யாரிடமோ பேசுகிறான். அவன் எங்கே நிற்கிறான், எதிரே நிற்பது யார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. கவிஞர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று நான் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று எனக்குப் பட்டது. இலக்கியம் என்று காலேஜில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தானே.

கெட்ட வார்த்தைகள் ஏராளம். மார்க்கர் எடுத்து ஒவ்வொன்றாகக் கறுப்படித்தேன். அடித்து முடித்தபோது தாள் அம்மை போட்டது மாதிரி இருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து பெஞ்சுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பிள்ளைகள் முதல் வேலையாகத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "கறுப்புக்குள்ள என்ன டீச்சர் இருக்கு?" என்று பையன்கள் நச்சரித்தார்கள். அந்தப் பெண்தான் எழுந்து சொன்னாள்: "கெட்ட வார்த்தையாத்தான் இருக்கும் டீச்சர். எங்க அப்பாவும் கோவம் வந்தா இந்த எடத்துலதான் போடுவாரு." வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். வாக்கியத்தில் கோபம் எங்கே உட்காரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டிரில் பீரியடுக்கு வைத்திருந்த டேப் ரிக்கார்டரை வாங்கிவந்து, தாளம் மட்டும் ஓடவிட்டு, வரிகளைச் சொல்ல வைத்தேன். எங்கள் பிள்ளைகள் இங்கிலீஷை எல்லாச் சொல்லும் ஒரே கனமாக, நெல் அளந்து போடுவது மாதிரி வாசிப்பார்கள். டெஸ்கில் தட்டிக்கொண்டு சொன்னபோது எங்கே அழுத்த வேண்டும், எங்கே நழுவ வேண்டும் என்று நாக்குக்குத் தானாகப் பிடிபட்டது. எதுகையைத் தேடச் சொன்னேன். தமிழ்ப் பாட்டுப் பழக்கத்தில் எல்லாரும் வரியின் தொடக்கத்திலேயே தேடினார்கள். கடைசியில் பாருங்கள் என்று காட்டியதும், கடைசியிலும் கண்டுபிடித்தார்கள், நான் கவனிக்காமல் விட்ட நடு இடங்களிலும் கண்டுபிடித்தார்கள். கணக்கு சார் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாக்பீஸால் தட்டுவார்.

இரண்டாவது பாட்டு ஒரு பீற்றல் பாட்டு. அந்த வகைப் பாட்டில் பாதி அப்படித்தான். என் கழுத்தில் இவ்வளவு தங்கம், என்னிடம் இத்தனை கார், என்னை அசைக்க ஆள் இல்லை என்று முதலிலிருந்து கடைசி வரை. "இவன் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டேன். பணக்காரன் என்றார்கள், திமிர் பிடித்தவன் என்றார்கள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"இரவல் நகை டீச்சர்."

"எப்படிச் சொல்ற?"

"எங்க ஊர்ல கல்யாணத்துக்கு வாரவுகள்ல, சொந்த நகை போட்டவுக அதத் தொட்டுத் தொட்டுப் பாக்க மாட்டாக. இரவல் வாங்கிப் போட்டவுகதான் இழுத்து இழுத்து விட்டுக்குவாக. இவன் வரிக்கு வரி சங்கிலியத் தொடுறான் பாருங்க. நெசமா இருந்தா எதுக்கு அம்புட்டுத் தடவ சொல்லணும்?"

பாடுகிறவன் சொல்வது ஒன்று, அவன் சொல்கிற விதம் காட்டிக்கொடுப்பது வேறொன்று என்பதை எம்.ஏ.வில் எனக்குப் புரியவைக்க ஒரு முழு வருஷம் ஆனது. இவள் தாளை மடித்து விசிறிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் டீச்சர்தான் என்று பல வருஷத்துக்குப் பிறகு தோன்றியது.

ஸ்டாஃப் ரூமில் எனக்கு ராப் டீச்சர் என்று பேர் வைத்துவிட்டார்கள். மூத்த இங்கிலீஷ் சார் ஒருவர் இருந்தார். அவருடைய நோட்ஸ்தான் ஊரெல்லாம் ஓடும். "டீச்சர், டப்பாங்குத்து எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்பார். ஆள் கெட்டவர் இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருஷா வருஷம் போய்வந்தவர். எந்தக் கேள்விக்கு எந்தச் சொல் இருந்தால் மார்க் என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் வகுப்பில் யாரும் ஃபெயில் ஆனதில்லை.

அரைப்பரீட்சையிலும் அந்தப் பெண் இங்கிலீஷில் கொஞ்சத்தில் தவறினாள். காலாண்டைவிட எவ்வளவோ மேல்; ஆனால் தேறவில்லை. தலைமையாசிரியை அவள் அப்பாவை வரச்சொல்லி ஆள் விட்டதும் நான் அவர் அறைக்குப் போய் நின்றேன். கெஞ்சினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதுதான் சரி. கடைசியில் அவர், "சரி டீச்சர். ரிவிஷன் டெஸ்ட் வருதுல்ல. அதுல பாஸாகட்டும், பேர வச்சிக்கிறேன். ஆனா பேப்பர நீங்க திருத்தக் கூடாது, சார் திருத்தட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். பாஸானால் இங்கே, இல்லையென்றால் மில். அவள் "தெரியும் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து உட்கார்ந்துவிடுவாள். இலக்கணம், கடிதம், மனப்பாடப் பகுதி எல்லாம் டெஸ்கில் தட்டித் தட்டியே ஏறியது. பாட்டுக் கேள்விகளுக்கு சாருடைய நோட்ஸையும் கொடுத்திருந்தேன். பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் முகம் தெளிவாக இருந்தது. "எல்லாமே எழுதிட்டேன் டீச்சர், பாட்டுக் கேள்விக்கு நானே யோசிச்சு எழுதினேன்" என்றாள். நான் அவள் கையிலிருந்த கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன்.

கேள்வித்தாளில் வந்த பாட்டு பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஒரு உழவன், எனக்கு இந்தக் குடிசை போதும், மாளிகை வேண்டாம், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று பாடுகிற பாட்டு. 'உழவன் ஏன் மகிழ்ச்சியாக இருக்கிறான்?' என்பது கேள்வி. உள்ளதே போதும் என்ற மனம் இருப்பதால், எளிய வாழ்வு வாழ்வதால், பேராசை இல்லாததால் என்பவை விடைக்குறிப்பில் இருந்த சொற்கள். மற்றக் கேள்விகளில் வாங்கியதோடு இந்தப் பதிலுக்கும் மார்க் விழுந்தால்தான் அவள் தேறுவாள். அவள் உடைந்த இங்கிலீஷில், எழுத்துப் பிழையோடு, பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'அவன் மகிழ்ச்சியாக இல்லை. மூன்று தடவை மகிழ்ச்சி என்று சொல்கிறான். மகிழ்ச்சியாக இருக்கிறவன் ஒரு தடவை கூடச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் யாரோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலத்துக்காரராக இருக்கலாம். அவருக்குக் கேட்கத்தான் சொல்கிறான்.'

சார் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு முட்டை போட்டிருந்தார்.

தாளை எடுத்துக்கொண்டு நான் அவர் மேஜைக்குப் போனேன். "சார், இத வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன் டீச்சர்."

"இது தப்பா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புன்னு நான் சொல்லல. நல்லாத்தான் யோசிச்சிருக்கு. ஆனா கீ-ல இல்லையே. நான் மார்க் போட்டுருவேன். பப்ளிக்ல எந்த ஊருலயோ உக்காந்து திருத்துறவன் போடுவானா? அவன் முன்னால பேப்பர் மலை மாதிரி கெடக்கும். அவன் தேடுற சொல்லு இல்லைன்னா கோட்டப் போட்டுட்டுத் திருப்பிருவான்."

தலைமையாசிரியையும் அதையேதான் சொன்னார். "இந்தப் பிள்ளை பப்ளிக்லயும் இப்படித்தான எழுதும்? யார் டீச்சர் பொறுப்பு? நீங்க பாட்டு போட்டு யோசிக்கச் சொல்லிக் குடுத்துட்டீங்க. யோசிக்கிறதுக்கு எங்க மார்க் இருக்கு?"

நான் கத்தினேன். வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பியூனைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததுதான் அந்தப் பிள்ளையைக் கெடுத்தது என்று பின்னால் பலபேர் என் காதுபடவே சொன்னார்கள். இன்றைக்கும் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சரியான பதிலுக்கு முட்டை போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கும்போது நான் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்?

அந்தப் பெண்ணை மைதானத்து வேப்ப மரத்தடியில் வைத்துக் கேட்டேன். குரலில் கோபம் இருந்தது. "நோட்ஸ்ல இருந்தத அப்படியே எழுதியிருக்கலாம்ல? உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே."

"தெரியும் டீச்சர். எழுதத்தான் போனேன். கை வரல."

"ஏன்?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கக்கா மில்லுல இருந்து மாசத்துக்கு ஒருக்கா பக்கத்து வீட்டு போனுக்குப் பேசும். எடுத்ததுமே நான் நல்லாருக்கேன்னு சொல்லும். நடுவுல ஒருக்கா சொல்லும், வைக்கும்போது ஒருக்கா சொல்லும். பொங்கலுக்கு வந்தப்பக் கேட்டேன், ஏன்க்கா அப்படிச் சொல்றன்னு. பேசும்போது வார்டன் பக்கத்துலயே நிக்குமாம் டீச்சர். அந்தப் பாட்டப் படிச்சதும் எனக்கு அக்கா பேசுறது மாதிரியே கேட்டுச்சு. அவன் சந்தோசமா இருக்கான்னு நான் எப்படி எழுதுறது?"

எனக்கு அழுகை வந்தது. மாணவி முன்னால் அழக் கூடாது என்று திரும்பி நின்றுகொண்டேன். அது நடந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. அந்தப் பதிலைவிட நல்ல பதிலை எந்த விடைத்தாளிலும் நான் பார்க்கவில்லை.

மறுநாளே அவள் அப்பா வந்தார். வேட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அவரை கேட் பக்கம் மறித்துப் பேசினேன். பிரைவேட்டாக எழுத நானே எல்லாம் செய்கிறேன், வீட்டிலேயே வைத்திருங்கள் என்றேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "டீச்சரம்மா, ஒங்களுக்கு நல்ல மனசு. பொட்டப்பிள்ளைய வீட்ல சும்மா வச்சிருந்தா ஊரு என்ன பேசும்? அங்கயாவது மூணு வேளைச் சோறு இருக்கு. ஏஜெண்டுகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். கேட்டுக்கு வெளியே அந்தப் பெண் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அறுந்த வாரை ஊக்கு குத்திச் சரிசெய்துகொண்டிருந்தாள். "வாரேன் டீச்சர்" என்றாள். போறேன் என்று சொல்லக் கூடாது என்பது வழக்கம், அதனால் வாரேன் என்றாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு நூறு. பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஆங்கிலத்தில் எல்லாரும் தேறியதற்காக எனக்கும் சாருக்கும் விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். வேண்டாம் என்றால் திமிர் என்பார்கள், என் மகளுக்கு அப்போது அதே பள்ளியில்தான் இடம் கேட்டிருந்தேன். மேடையில் நின்றேன். தோளில் போட்ட ஆடை வெயிலுக்குப் பிசுபிசுவென்று ஒட்டியது. மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. நான் அதை வெட்டி வைக்கவில்லை.

பிரைவேட்டாக எழுதுவதற்கான விண்ணப்பத்தில் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நான் விடாமல் அலைந்தேன். மில் ஹாஸ்டலுக்குள் பெற்றவர்களையும் நெருங்கிய சொந்தங்களையும் தவிர யாரையும் விட மாட்டார்கள், அதுவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "கேட்டா சித்தின்னு சொல்லுங்க டீச்சர்" என்று பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தார். கேட்டில் வாட்ச்மேன் கேட்டான். சித்தி என்றேன். சீட்டு எழுதி உள்ளே விட்டான்.

பார்வையாளர்களுக்கென்று ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. ஓரத்தில் ஒரு பொம்பளை நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து தரையில் அதிர்ந்தது. அக்காவுக்கு அது ஷிஃப்ட் நேரம். அந்தப் பெண் மட்டும் வந்தாள். புருவத்திலும் முன்முடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. மெலிந்திருந்தாள். பக்கத்தில் நின்றவளிடமே உரக்கப் பேசினாள். மெஷின் சத்தத்தில் நின்று நின்று எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவள் அம்மா சொன்னார். நான் விண்ணப்பத்தை எடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பரீட்சை நாளுக்கெல்லாம் லீவு தர மாட்டாக டீச்சர். நடுவுல நின்னா மொத்தப் பணமும் போயிரும். அப்பாவுக்குத் தெரியும்" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. பேசி முடித்துவிட்ட விஷயத்தைச் சொல்கிற குரல்.

நான் ஏதாவது சொல்வதற்குள் அவள் முகம் மலர்ந்தது. "டீச்சர், நம்ம ஸ்கூலு நூத்துக்கு நூறாமே! மெஸ்ஸுல பொட்டலம் கட்டி வந்த பேப்பர்ல ஒங்க போட்டோ பாத்தேன். எங்க டீச்சர்னு எல்லார்ட்டயும் காட்டினேன்."

நம்ம ஸ்கூல் என்றாள். அந்த நூறு வந்தது அவளைக் கழித்ததால்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அவள் திரும்பிக் கொட்டகையின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "ஏய், இங்க வாங்கடி! யாரு வந்திருக்காகன்னு பாருங்க!"

அம்மாக்களோடு உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் எழுந்து வந்தார்கள். வந்தவர்கள் முகத்திலும் பஞ்சு. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஒருத்தி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தவள். ஒருத்தி அதற்கும் முன்னால். பரீட்சைக்கு முன் ஒருநாள் வராமல் போனாள், நானும் வருகைப் பதிவில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இன்னும் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். எங்களுக்குப் பொன்னாடை வாங்கிக்கொடுத்த ஒவ்வொரு நூறுக்கும் ஒரு ஆளாவது அங்கே இருந்தது.

"நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று எல்லாரும் சந்தோஷமாகக் கேட்டார்கள். அவர்களில் சின்னவள் ஓடிப்போய் நான் உட்கார ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.